கட்சி சாராத் தலைமை

சிக்கந்தராபாத்தின் வடமேற்கே உள்ள போவன்பள்ளி இரண்டு ஆட்சிகளின் கீழ் அமைந்த இடம். பழைய போவன்பள்ளி மாநகராட்சிப் பகுதி. அங்கிருந்து சிறிது தொலைவு நடந்து புதிய போவன்பள்ளிக்கு வந்தால், கண்டோன்மெண்டு வாரியத்தின் எல்லைக்குள் வந்துவிடுகிறோம். இரு பக்கத்தாரும் ஒரே காய்கறிச் சந்தைக்குப் போகிறார்கள். ஒரே பேருந்தில் நெருக்குண்டு நிற்கிறார்கள். ஆயினும், பழைய போவன்பள்ளியார் 2020 டிசம்பர் 1-ஆம் நாள் தம் வட்டத்து உறுப்பினரை வாக்களித்துத் தேர்ந்தெடுத்தனர். புதிய போவன்பள்ளியார் தம் வாரியத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்ததோ 2015 ஜனவரியில். அந்த வாரியத்தின் காலம் முடிந்து, நீட்டிப்பும் முடிந்த பின்னர், 2023 ஏப்ரல் 30-இல் தேர்தல் என்று அறிவித்தார்கள். அந்த நாள் வருமுன்பே அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

எனக்கு வயது 23. நான் பிறந்த ஆண்டில் புதிய போவன்பள்ளியில் ஒருவர் பிறந்திருந்தால், 2015-இல் அவர் பள்ளிச் சிறுவர். பதினெட்டு நிரம்பிய பின் அவருக்கு வரவிருந்த முதல் உள்ளாட்சித் தேர்தலும் கைவிடப்பட்டது. தம் தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் யார் பொறுப்பு என்பதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அவர் கைக்கு எட்டவில்லை. அவர் யாரிடம் முறையிடுவது? வாரியம் நடுவணரசின் பாதுகாப்புத் துறையைச் சேர்ந்தது. சட்டமன்ற உறுப்பினர் மாநிலத்தவர். ஒருவர் மற்றவரைக் கை காட்டினால், முறையீடு நடுவில் நின்றுவிடும்.

இத்தகைய நிலையைக் கண்டு உள்ளம் கொதிக்கும் இளைஞர் ஒரு கட்சியில் சேரலாம். அஃது இழிவான வழியன்று. குடியாட்சியில் கட்சிகளுக்கு உரிய இடம் உண்டு. ஆனால், கட்சியில் சேர விரும்பாதவரும், இன்னும் மனம் துணியாதவரும் நம்மில் மிகப் பலர். அவர்களை மாநில அரசியலோடு இணைப்பதற்குக் கட்சி சாராத, இலாப நோக்கமற்ற அமைப்புகள் பல இடங்களில் தோன்றியுள்ளன. நம் சங்கத்து நண்பர்கள் சிலரும் அப்படி ஒரு குழுவைத் தொடங்க எண்ணியிருக்கிறார்கள். அதற்குத் தலைமை ஏற்பவர் எவற்றைக் கற்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். கட்சி சாராமை என்பது என்ன? நம் விடுதியில் இரவு உணவுக்குப் பின் நடக்கும் பேச்சைக் கேட்டால், எல்லாக் கட்சியும் ஒன்றே, எல்லாரும் கள்ளரே என்று சொல்வதுதான் கட்சி சாராமை என்று தோன்றும். அதைச் சொல்வோரில் பலர் வாக்களிக்கும் நாளில் ஊருக்குப் போவதும் இல்லை, இங்கே வாக்களிப்பதும் இல்லை. எல்லாரையும் ஒருசேரப் பழிப்பதும் ஒரு தீர்ப்பே. அதுவும் சான்று பாராமல் வழங்கிய தீர்ப்பு. இன்னும் சிலர், கட்சி சாராதவர் எதைப் பற்றியும் கருத்துக் கூறலாகாது என்பர். அப்படியானால் அந்த அமைப்பு செய்யத்தக்கது ஒன்றுமில்லை. கண்டோன்மெண்டுக்குத் தேர்தல் வேண்டும் என்று கேட்பது ஒரு கருத்து. அது கட்சிக் கருத்தாகுமா? ஆகாது. பொருளைப் பற்றிக் கருத்து உண்டு, வேட்பாளரைப் பற்றிக் கருத்து இல்லை என்பதே இத்தகைய அமைப்புகள் தமக்கு வகுத்துக்கொண்ட எல்லை.

அமெரிக்காவில் பெண்கள் வாக்குரிமை பெற்ற 1920-ஆம் ஆண்டிலேயே இந்த எல்லையை வகுத்தனர். கேரி சாப்மன் கேட் என்னும் அம்மையார் அவ்வாண்டு சிக்காகோவில் பெண் வாக்காளர் கழகத்தைத் தோற்றுவித்தார். கழகம் எந்த வேட்பாளரையும் ஆதரிக்காது, எதிர்க்காது. ஆனால், உறுப்பினராகிய பெண்கள் தனித்தனியே தத்தமக்கு விருப்பமான கட்சியில் சேரலாம். சேரவும் வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். ஆளுக்கு உள்ள உரிமை வேறு, அமைப்புக்கு உள்ள கட்டுப்பாடு வேறு என்னும் இப்பாகுபாடு நூறு ஆண்டு கடந்தும் நிலைத்திருக்கிறது. நம் குழுவிலும் திராவிடக் கட்சியார் இருப்பர், தேசியக் கட்சியார் இருப்பர், இடதுசாரிகள் இருப்பர். அவர்களை விலக்கினால் குழுவில் மிஞ்சுவோர் அரசியலில் அக்கறையற்றோரே.

இங்கேயே நடந்த பாடம்

அமெரிக்கக் கதையைவிட நமக்கு அருகிலேயே ஒரு பாடம் கிடைக்கிறது. ஹைதராபாத்தில் 1996-இல் தோன்றிய லோக் சத்தா இயக்கத்தின் வரலாறே அது. அதை நிறுவியவர் டாக்டர் ஜெயப்பிரகாஷ் நாராயண். (பீகாரத்துப் பெரியவரான ஜெயப்பிரகாசர் வேறு, இவர் வேறு.) குண்டூரில் மருத்துவம் படித்து, 1980-இல் ஆட்சிப் பணியில் சேர்ந்தவர். பதினாறு ஆண்டுகளுக்குப் பின் அப்பணியைத் துறந்து, அரசியல் சீர்திருத்தத்துக்கென ஓர் அறக்கட்டளையையும் மக்கள் இயக்கத்தையும் தொடங்கினார். அது கட்சி சாராத இயக்கம் என்று அறிவிக்கப்பட்டது. அவ்வாறே நடந்தும் காட்டியது.

அந்நாளில் வேட்பாளர் மீது கொலை வழக்கு இருந்தாலும் அதை வாக்காளருக்குத் தெரிவிக்கும் கடமை அவருக்கு இல்லை. 1999-ஆம் ஆண்டு ஆந்திரத் தேர்தலின்போது லோக் சத்தா, குற்ற வழக்குப் பின்னணி உடைய வேட்பாளர்களின் விவரங்களைத் திரட்டி வெளியிட்டது. எக்கட்சியினர் என்று பாராமல் வெளியிட்டதால்தான் மக்கள் அதை நம்பினர். வாக்காளர் பட்டியலில் உள்ள பிழைகளையும் கள ஆய்வு செய்து வெளிக்கொணர்ந்தது.

அதே 1999-இல் அகமதாபாத் மேலாண்மைக் கழகத்துப் பேராசிரியர்கள் சிலர் ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் என்னும் அமைப்பை நிறுவினர். திரிலோசன் சாஸ்திரி, ஜகதீப் சோக்கர் முதலியோர் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர். இவர்கள் நீதிமன்றத்தை நாடினர். வழக்கு தில்லி உயர்நீதிமன்றத்தில் தொடங்கி உச்சநீதிமன்றம் வரை சென்றது. 2002 மே 2-ஆம் நாள், வேட்பாளரின் குற்ற வழக்கு, சொத்து, கடன், கல்வி ஆகியவற்றை அறிவது வாக்காளரின் உரிமை என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடனே நாடாளுமன்றக் கட்சிகள் பலவும் ஒன்றுகூடி அதை முறியடிக்கும் வகையில் சட்டத்தைத் திருத்தின. மற்றவற்றில் ஒன்றையொன்று ஏசிக்கொள்ளும் கட்சிகள் இதில் மட்டும் எவ்வளவு எளிதில் ஒன்றுபட்டன என்பது எண்ணி வியக்கத்தக்கது. அத்திருத்தத்தை எதிர்த்து மக்கள் குடியுரிமைக் கழகமும், லோக் சத்தாவும், பேராசிரியர்களின் சங்கமும் வழக்குத் தொடுத்தன. 2003 மார்ச் 13-இல் அத்திருத்தம் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. இன்று எந்த வேட்பாளரின் உறுதிமொழிப் பத்திரத்தையும் தேர்தல் ஆணையத்தின் இணையத்தளத்தில் நாம் படிக்க முடிகிறது என்றால், அதற்கு இவ்வழக்குகளே காரணம்.

இதுவரை இரு அமைப்புகளும் ஒரே பாதையில் சென்றன. பின்னர்ப் பாதை பிரிந்தது.

2006 அக்டோபர் 2-ஆம் நாள் லோக் சத்தா அரசியல் கட்சியாக மாறியது. 2009-இல் ஒன்றுபட்ட ஆந்திரத்தின் 294 இடங்களில் அக்கட்சி வென்றது ஒன்றே. கூகட்பள்ளித் தொகுதியில் அதன் தலைவர் வெற்றி பெற்றார். பழைய போவன்பள்ளியின் பகுதியும் அத்தொகுதியில் அடங்கியது என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. 2014-இல் அவர் மல்காஜ்கிரி மக்களவைத் தொகுதியில் நின்றார். அத்தொகுதியில் கூகட்பள்ளியும் அடக்கம், சிக்கந்தராபாத் கண்டோன்மெண்டும் அடக்கம். ஆகவே, போவன்பள்ளியின் இரு பக்கத்தாரும் அவர் பெயரை வாக்குப்பொறியில் கண்டனர். அவர் தோற்றார். 2016-இல் கட்சி தேர்தல் களத்திலிருந்து விலகிக்கொண்டது.

இதை எப்படி மதிப்பிடுவது? அவர் செய்தது தவறு என்று நான் துணிந்து கூற மாட்டேன். வெளியே நின்று எத்தனை நாள் முறையிடுவது, சட்டம் இயற்றும் இடத்துக்கே போய்விட்டால் என்ன என்னும் எண்ணம் நேர்மையான எண்ணமே. ஒரு தொகுதியாவது பணமும் சாராயமும் இன்றி வெல்லத்தக்கது என்று காட்டியதும் சிறிய செயலன்று. ஆனால் இழப்பு ஒன்று உண்டு. பத்தாண்டுகளாக அந்த இயக்கம் சேர்த்து வைத்த நம்பிக்கை எல்லாக் கட்சியாருக்கும் பொதுவாக இருந்தது. அவர்கள் வெளியிட்ட வேட்பாளர் விவரத்தை ஆளுங்கட்சியாரும் எதிர்க்கட்சியாரும் ஏற்றாக வேண்டியிருந்தது. தாமும் வேட்பாளராக நின்ற மறுநாள், அதே விவரம் ஒரு போட்டியாளரின் குற்றச்சாட்டாகிவிட்டது. தராசே சந்தையில் விலைக்கு வந்துவிட்டால், எடை போடுவது எதைக் கொண்டு?

பேராசிரியர்களின் சங்கமோ எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை. 2024 பிப்ரவரி 15-ஆம் நாள் தேர்தல் பத்திரத் திட்டம் செல்லாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபோதும் மனுதாரருள் அச்சங்கம் இருந்தது. கால் நூற்றாண்டாக ஒரே வேலை. ஆட்சிகள் மாறின, வேலை மாறவில்லை. வாக்கு வேண்டாதவர் என்று எல்லாரும் அறிந்திருப்பதால் அவர்கள் சொல் எந்த ஆட்சியிலும் செல்லுபடியாகிறது. நான் இந்த வழியையே மேலாக மதிக்கிறேன். மறுப்போர் இருப்பின் அடுத்த இதழில் எழுதட்டும்.

ஆகவே, தலைமை ஏற்பவரிடம் முதல் கூட்டத்திலேயே ஒன்றைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம்: பொறுப்பில் இருக்கும் வரையிலும், விலகிய பின் குறித்த காலம் வரையிலும், எந்தத் தேர்தலிலும் நிற்பதில்லை, எவருக்காகவும் வாக்குக் கேட்பதில்லை என்று. அக்காலம் இரண்டு ஆண்டா, ஐந்து ஆண்டா என்பதைக் குழுவே முடிவு செய்யட்டும். பல்கலைக்கழக மாணவர் பேரவைத் தேர்தலும் இதில் அடங்குமா என்று கேட்பீர்கள். அடங்க வேண்டும் என்பதே என் எண்ணம். நம் வளாகத்தில் மாநிலக் கட்சிகளின் நிழல் படாத பேரவைத் தேர்தல் எது?

பட்டியலே அடித்தளம்

இனி வேலைக்கு வருவோம். இளைஞரை அரசியலில் ஈடுபடுத்துவது என்றவுடன் பலருக்கு மேடையும் பேச்சாளரும் நினைவுக்கு வருகின்றன. எனக்கு நினைவுக்கு வருவது பட்டியல். பெயர் பட்டியலில் இல்லையேல், பேச்சு எவ்வளவு இனித்தாலும் வாக்கு இல்லை.

நாட்டின் முதற்பொதுத்தேர்தல் 1951–52-இல் நடந்தது. வாக்காளர் ஏறத்தாழ 17 கோடி. அப்போது வட மாநிலங்களில் பெண்கள் பலர் கணக்கெடுக்க வந்தவரிடம் தம் பெயரைச் சொல்ல மறுத்தனர். இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே கூறினர். தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த சுகுமார் சென் அவ்வாறு பதிய மறுத்தார். அதனால் ஏறத்தாழ 28 இலட்சம் பெண்கள் பட்டியலில் இடம்பெறவில்லை. கண்டிப்பான முடிவே, ஆனால் அடுத்த தேர்தலுக்குள் பெண்களின் பெயர்கள் பெயர்களாகவே பதியத் தொடங்கின.

பெயர்த் தொல்லை நமக்கும் உண்டு. அது வேறு வகை. தமிழருக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னால் நிற்கிறது. பள்ளிச் சான்றிதழில் எழுத்து முன்னால், ஆதாரில் பின்னால், கடவுச்சீட்டில் தந்தையின் முழுப்பெயரே குடும்பப் பெயராக. இங்குள்ள அலுவலர் தெலுங்கர். அவர்கள் வழக்கில் குடும்பப் பெயர் முன்னால் வரும். அவர் நம் முதலெழுத்தைக் கண்டு, இதன் விரிவு என்ன என்று கேட்பார். சொன்னால் அதையே வீட்டுப் பெயராகப் பதிந்துகொள்வார். ஆகவே, விண்ணப்பம் நிரப்பும்போது எல்லாச் சான்றுகளையும் அருகில் வைத்து, ஒரே வடிவத்தைத் தேர்ந்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். இதற்கென்றே குழுவில் பொறுமைசாலி ஒருவரை அமர்த்தலாம். மேடைப் பேச்சாளரைவிட அவரே நமக்குப் பயன்படுவார்.

வயதைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 61-ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தால் 1989 மார்ச் 28 முதல் 21 வயது 18 ஆயிற்று. முன்பெல்லாம் ஜனவரி 1-ஆம் நாள் 18 நிரம்பியிருக்க வேண்டும். ஒரு நாள் தவறினால் ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும். 2021-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களின் முதல் நாளும் தகுதி நாளாயின. 17 நிரம்பியவர் முன்கூட்டியே விண்ணப்பிக்கவும் வழி உண்டு. புதுப் பதிவுக்குப் படிவம் 6. இடம் மாறியவருக்கும் பிழை திருத்துவோருக்கும் படிவம் 8.

நம்மனோர்க்கு வரும் பெரிய கேள்வி, எங்கே பதிவது என்பது. ஊரிலா, இங்கேயா? சட்டம் ஒருவருக்கு ஓர் இடத்தில்தான் பெயர் என்கிறது. இரண்டு இடத்தில் இருப்பது குற்றம். அறிந்தே பொய் உறுதி அளித்தால் ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. ஆனால், மாணவருக்கு மட்டும் தேர்தல் ஆணையம் ஒரு விருப்பத்தை வழங்கியிருக்கிறது. விடுதியில் தங்கிப் படிப்பவர் பெற்றோருடன் சொந்த ஊரிலும் பதிந்துகொள்ளலாம். அன்றி விடுதி முகவரியிலும் பதிந்துகொள்ளலாம். படிப்பு ஓராண்டுக்குக் குறையாததாக இருக்க வேண்டும். பதிவாளரோ முதல்வரோ அளிக்கும் சான்றினைப் படிவம் 6-உடன் இணைக்க வேண்டும். இவ்விருப்பம் உண்டு என்பதே நம் விடுதியில் நூற்றுக்கு எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.

ஊரிலே பெயர் இருக்கிறது, கவலை இல்லை என்று இருந்துவிடவும் முடியாது. தமிழ்நாட்டில் 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. டிசம்பர் 19-ஆம் நாள் வெளியான வரைவுப் பட்டியலில் முன்பிருந்த பெயர்களுள் ஏறத்தாழ 97 இலட்சம் இடம்பெறவில்லை. இறந்தோர், இருமுறை பதிந்தோர் ஆகியோரைவிட, இடம்பெயர்ந்தோர் என்றும் வீட்டில் இல்லாதோர் என்றும் குறிக்கப்பட்டோரே மிகுதி. அலுவலர் வீட்டுக்கு வரும்போது பிள்ளை ஹைதராபாத்தில் படிக்கிறான் என்று அம்மா மகிழ்ச்சியோடு சொல்லியிருப்பார். அந்த மகிழ்ச்சியே இடம்பெயர்ந்தவர் என்னும் குறிப்பாகியிருக்கக்கூடும். எனவே, ஒவ்வொருவரும் தம் பெயர் எங்கே உள்ளது, உள்ளதா இல்லையா என்று பார்த்தறிவதே முதற்பணி.

எங்கே பதிவது நல்லது என்று என்னைக் கேட்டால், இரண்டாண்டுப் படிப்புக்கு வந்தவர் ஊரிலேயே வைத்துக்கொள்ளட்டும். ஆராய்ச்சிக்கென ஐந்தாறு ஆண்டு தங்குபவர் இங்கே பதிவதே முறை. நாம் குடிக்கும் நீர் இம்மாநிலத்து நீர். நம் உதவித்தொகை தாமதமானாலும், பேருந்துக் கட்டணம் உயர்ந்தாலும் இங்கேதான் உணர்கிறோம். தமிழ்நாட்டு அரசியலைப் பற்றி இரவு முழுதும் வாதிடும் நண்பருக்குத் தம் விடுதி எந்தச் சட்டமன்றத் தொகுதியில் உள்ளது என்று தெரிவதில்லை. சென்னை மாகாணப் படையோடு வந்து பல தலைமுறைகளாகச் சிக்கந்தராபாத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்தார் இவ்வகையில் நமக்கு மூத்தோர். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, வாக்கு இந்த மண்ணில் என்று அவர்கள் தெளிவாக வாழ்கிறார்கள்.

வாக்களித்தோர் விழுக்காடு

2024 மக்களவைத் தேர்தலில் மல்காஜ்கிரி, நாட்டிலேயே மிகுந்த வாக்காளரைக் கொண்ட தொகுதி. 37 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பட்டியலில் இருந்தனர். வாக்களித்தோர் ஏறத்தாழப் பாதி. இதைக் கண்டவுடன் நகரத்து இளைஞர் சோம்பேறிகள் என்று தலையங்கம் எழுதிவிடுகிறார்கள். அறிவியல் படிக்கும் நாம் சற்று நிதானிக்க வேண்டும். பின்னக் கணக்கில் மேலே உள்ள எண்ணைத் தொகுதி என்றும் கீழே உள்ளதைப் பகுதி என்றும் பள்ளியில் கற்றோம். அரசியல் பேசுவோர் தொகுதியையே பார்க்கிறார்கள், பகுதியைப் பார்ப்பதில்லை. பட்டியலில் இறந்தவர் பெயர் எத்தனை, வீடு மாறிப் போனவர் பெயர் எத்தனை, ஊரிலும் இங்கும் இருமுறை பதிந்தவர் எத்தனை? வாடகை வீடுகள் நிறைந்த புறநகரில் இவை குறைவாக இரா. பகுதி பெருத்திருந்தால் விழுக்காடு தானே சிறுக்கும். எனவே, ஒரு தெருவின் பட்டியலைக் கையில் கொண்டு வீடு வீடாகச் சென்று ஒப்பிடுவது நம் குழு செய்யக்கூடிய நல்ல ஆய்வு. அதற்குக் கட்சியும் வேண்டாம், பணமும் மிகுதியாக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகள் சில போதும்.

வாக்களிக்கத் தூண்டும் முறை எது என்பதிலும் ஆய்வுக்கூடத்து முறையையே பின்பற்றியவர்கள் உண்டு. 1924-இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்து ஹரால்டு காஸ்னெல் என்பவர் ஏறத்தாழ 6,000 பேரை இரு கூறாக்கி, ஒரு கூற்றுக்கு மட்டும் எக்கட்சியையும் சாராத நினைவூட்டு அஞ்சல் அனுப்பினார். வந்தேறிகள் மிகுந்த நகரமாதலால் ஆங்கிலத்தோடு போலிஷ், செக், இத்தாலிய மொழிகளிலும் அச்சிட்டார். அஞ்சல் பெற்ற கூற்றில் பதிவு செய்தோரும் வாக்களித்தோரும் மிகுந்திருந்தனர். தாய்மொழியில் ஓர் அஞ்சலட்டை செய்யும் வேலை அது.

1998-இல் யேல் பல்கலைக்கழகத்து ஆலன் கெர்பர், டொனால்டு கிரீன் இருவரும் நியூ ஹேவன் நகரில் ஏறத்தாழ 30,000 வாக்காளரிடம் இதை மேலும் நுட்பமாகச் செய்தனர். சிலரை நேரில் சென்று கண்டனர், சிலருக்கு அஞ்சல், சிலருக்குத் தொலைபேசி, சிலரை ஒன்றும் செய்யாமல் விட்டனர். நேரில் கண்டு பேசப்பட்டவரிடையே வாக்களிப்பு எட்டு ஒன்பது விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்ந்தது. அஞ்சலால் ஏற்பட்ட உயர்வு மிகச் சிறிது. கூலிக்கு அமர்த்தியோர் செய்த தொலைபேசி அழைப்பால் பயனே காணவில்லை. இது வேறொரு நாட்டின் முடிவு. அப்படியே இங்குப் பொருந்தும் என்று கொள்ளலாகாது. எனினும், கைப்பேசியில் ஆயிரம் பேருக்கு ஒரே செய்தியை அனுப்பிவிட்டுத் தொண்டு முடிந்தது என்று படுக்கைக்குப் போகும் நமக்கு, இது சிந்திக்கத்தக்கது. நாமே விடுதியில் சோதித்துப் பார்க்கலாமே! ஒற்றைப்படை எண் அறைகளுக்கு நேரில் போவது, இரட்டைப்படை அறைகளுக்குத் துண்டறிக்கை மட்டும் இடுவது. யார் படிவம் நிரப்பினர் என்பதை மட்டும் எண்ணினால் போதும். யாருக்கு வாக்கு என்று எவரையும் கேட்கலாகாது.

சட்டமும் பணமும் பட்டியலும்

சட்டத்தில் தலைவர் அறிய வேண்டியவை சில. தேர்தலைக் குறித்த சுவரொட்டி எதுவாயினும் அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் அதன் முகத்தில் இருக்க வேண்டும். 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127-ஏ பிரிவு இதைக் கூறுகிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். நாங்கள் கட்சியினர் அல்லேமே என்பது விடையாகாது. வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் தேர்தல் பற்றிய பொதுக்கூட்டமும் ஊர்வலமும் கூடா. பெரும்பாலான மாணவர் குழுக்கள் தம் ஆர்வம் உச்சத்தை எட்டும் கடைசி நாளிலேதான் ஊர்வலம் வைக்கத் திட்டமிடுகின்றன!

பணம் குறைவாக வரும்வரை தொல்லை இல்லை. வெளிநாட்டில் உள்ள நம் பழைய மாணவர் அன்போடு அனுப்புவார். அவர் அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவராயின், அது சட்டத்தின் பார்வையில் அயல்நாட்டு நிதி. பதிவோ முன் அனுமதியோ இன்றிப் பெறலாகாது. அரசியல் தன்மையுடையது என்று அரசு குறித்த அமைப்பு அதைப் பெறவே முடியாது. உள்ளூர்ப் பெருந்தனக்காரரின் கொடையில் சட்டச் சிக்கல் குறைவு. ஆனால் அவர் மைத்துனர் அடுத்த தேர்தலில் நிற்பார். எனவே, ஒருவரிடம் பெறும் தொகைக்கு மேல்வரம்பு வைத்து, கணக்கை மாதந்தோறும் விடுதியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது பாதுகாப்பு.

இவற்றினும் பெரிய சோதனை ஒன்று உண்டு. அது பணமாக வராது, மரியாதையாக வரும். தேர்தல் நெருங்கும்போது ஒரு கட்சிக்காரர் வருவார். தமிழ்ச் சங்கத்தார் எத்தனை பேர் என்பார். பொங்கல் விழாவுக்குப் பந்தல் போட்டுத் தருகிறேன் என்பார். இறுதியில், உறுப்பினர் பெயரும் தொலைபேசி எண்ணும் அடங்கிய பட்டியலின் படி ஒன்று வேண்டும் என்பார். புலம்பெயர்ந்தோர் சங்கங்களைக் கட்சிகள் காண்பது பெரும்பாலும் இந்தக் கண்ணோடுதான்: இத்தனை தமிழ் வாக்கு, இத்தனை மலையாள வாக்கு, இத்தனை மார்வாடி வாக்கு. நாம் ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவர் பகைப்பார். எல்லாருக்கும் கொடுத்தால் நடுநிலை ஆயிற்றே என்று சிலர் கேட்பர். ஆகாது. படிவம் நிரப்ப உதவி கேட்டு எண் தந்த முதலாண்டு மாணவி, அந்த எண்ணைக் கட்சிகளுக்காகத் தரவில்லை. அவளுக்கு ஒரு வேட்பாளரின் குரல் அழைப்பு வந்த அன்றே, அடுத்த ஆண்டு மாணவிகள் நம் மேசைக்கு வருவதை நிறுத்திவிடுவர்.

ஆகவே, பதிவு வேலை முடிந்தவுடன் தொலைபேசி எண்களை அழித்துவிடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்து, படிவத்தின் தலைப்பிலேயே அச்சிட வேண்டும். எத்தனை பேர் என்னும் எண்ணிக்கை மட்டும் ஏட்டில் இருக்கட்டும். வேட்பாளர் எவரேனும் மாணவரைச் சந்திக்க விரும்பினால், தொகுதியில் நிற்கும் எல்லாரையும் ஒரே மேடைக்கு, ஒரே கேள்விகளுக்கு, ஒரே அளவு நேரத்துக்கு அழைக்கலாம். வராதவரின் நாற்காலி காலியாக இருக்கட்டும். அதைப் பற்றி நாம் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. கேள்விகளுள் முதலாவது எது என்று கேட்டால், போவன்பள்ளியில் வசிக்கும் நான் கண்டோன்மெண்டுத் தேர்தலைத்தான் சொல்வேன். மற்றவற்றை விடுதியார் எழுதிப் பெட்டியில் போடட்டும்.

தொடங்குவதற்குத் தேர்தல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தகுதி நாள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில், மாலை ஆறு முதல் எட்டு வரை, உணவுக்கூடத்தின் வாயிலில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, படிவம் 6, படிவம் 8, பதிவாளர் அலுவலகத்துச் சான்றின் மாதிரி, தெலுங்கு எழுதத் தெரிந்த நண்பர் ஒருவர்.